கொடி வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம்

ரெண்டு மாசம், ரொம்பப் போனால் மூணு. இந்த ஒரு வரியை நான் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் முன்னால் நடந்து போகிற இந்த மனுசன் அப்படியே நின்றுவிடுவார். கை வீச்சு நிற்கும், கழுத்து விறைப்பு தளரும், நாளைக் காலையில் ஆள் விட்டு என் திராட்சைக் கொடிகளைத் தூரோடு அறுக்கப் போகிற அந்த எண்ணமும் நின்றுபோகும். சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. வாய்க்குள் வைத்துக்கொண்டு நடக்கிறேன், கரைந்துவிடாமல், முழுங்கிவிடாமல். "ஏய், என்னா தேர் அசையிற மாதிரி வார, வெரசா வா" என்கிறார் திரும்பிப் பார்க்காமல். மெதுவாக நடப்பது அவர்தான். என் நடைக்கு நான் நடந்தால் அவர் குதிகாலை மிதித்துவிடுவேன் என்று ரெண்டு எட்டுக்கு ஒரு தடவை நின்று நின்று வருகிறேன். "வாரேன்" என்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாக வாரேன், வாரேன் என்று இந்த முதுகிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சட்டைக்குள் இப்போது முதுகே இல்லை, கொடியில் காயப்போட்ட மாதிரி சட்டை மட்டும் போகிறது. பாதை ஆரம்பிக்கிற இடத்தில் பஞ்சாயத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள், திராட்சைக் குலை படம் போட்டு, முதியோரும் குழந்தைகளும் சிரமமின்றி நடக்கலாம் என்று. சிரமமே கிடையாதுதான். இந்தப் பக்கம் முல்லையாறு, அந்தப் பக்கம் பந்தல் பந்தலாகத் திராட்சை, நடுவில் சிவப்புக் கல் பதித்த பாதை, மேடு இல்லை, பள்ளம் இல்லை, குமுளியிலிருந்து இறங்கி வருகிற மலையாளத்துக்காரர்கள் காரை நிறுத்திவிட்டுக் குலையைக் கையில் ஏந்திப் போட்டோ எடுத்துக்கொண்டு ஆகா ஆகா என்கிறார்கள். அவர்கள் ஏந்துகிற குலைக்கு நான் இலை கிள்ளியிருப்பேன், பூச்சி பொறுக்கியிருப்பேன். அது அவர்களுக்கு எதற்கு. இவருக்கே தெரியாது. இவர் கொடி நட்டார், அதோடு சரி, நட்டவர் என்கிற பெயரை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டார்.

மதுரையில் அந்த டாக்டர் என்னையும் பிரிட்டோவையும் மட்டும்தான் உள்ளே கூப்பிட்டார். பிரிட்டோ எங்களுக்கு ஒரே மகன், கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் இருக்கிறான். இவர் வெளியே உட்கார்ந்து குடிதண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று நர்சுப் பெண்ணிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார், கதவைத் தாண்டிச் சத்தம் கேட்டது. ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, கத்தி வைத்துப் பிரயோசனம் இல்லை, ரெண்டு மாசம், ரொம்பப் போனால் மூணு. பிரிட்டோ கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா, பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொல்லப் போவதில்லை, முதலில் தோன்றியது அடுத்த கவாத்து யார் பார்ப்பது என்பது. கொடியைக் கத்தரித்துவிட ஆள் பிடிக்க வேண்டும், மருந்தடிக்க வேண்டும், யார் பார்ப்பது. அடுத்ததாகத் தோன்றியது, ஏன், நான் பார்த்தால் என்ன என்று. அழுகை வரும் வரும் என்று பார்த்தேன், கார் உசிலம்பட்டி தாண்டியும் வரவில்லை. "அப்பாகிட்டச் சொல்லிராதம்மா, தெரிஞ்சா மறுநாளே போயிருவாரு, என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றான் பிரிட்டோ. பண்ணினேன். இவரிடம் ஈரலில் லேசாக வீக்கம், மாத்திரையில் வத்திவிடும், சாயங்காலம் ஆற்றோரமாக நடந்தால் பசி எடுக்கும் என்று சொல்லியாயிற்று. ஊரில் எல்லோருக்கும் தெரியும், பங்குச் சாமியாருக்குத் தெரியும், மருந்துக் கடைக்காரனுக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரியும். சம்பந்தப்பட்ட ஆளைத் தவிர எல்லோருக்கும் சொல்லிவிட்டு, எல்லோருமாகச் சேர்ந்து மூடி வைத்துக்கொண்டிருக்கிறோம். இப்படித்தானே செய்கிறோம் எல்லா வீட்டிலும். அந்த ஆள் சாகிற வரைக்கும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது. ஆட்டு ஈரல் கேட்டார், கொடுத்தோம். பிராந்தி கேட்டார், பிரிட்டோவே வாங்கிவந்து ஊற்றிக் கொடுத்தான், தகப்பனுக்கு மகன் ஊற்றிக் கொடுக்கிற அழகை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தை வெட்டப் போறேன் என்றார். அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒயின் பேக்டரி வந்திருக்கிறதாம். அவர்களுக்கு நம்ம பன்னீர்த் திராட்சை ஆகாதாம், ஒயினுக்கென்றே வெளிநாட்டுக் கொடி ஒன்று இருக்கிறதாம், வாயில் நுழையாத பெயர் சொன்னார். பழையதை அடியோடு எடுத்துவிட்டு அதை நடப் போகிறாராம். நட்டு, கொடி ஏறி, பந்தல் பிடித்து, ஒழுங்காகக் காய்ப்பதற்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும். மூணு வருஷத்தில் இவர் கல்லறையில் சிமெண்டுப் பூச்சு வெடித்திருக்கும். நான் என்ன செய்வேன், வெறும் கல்தூணையும் கம்பியையும் பார்த்துக்கொண்டு. எனக்கு இருப்பது அந்தத் தோட்டம் ஒன்றுதான், அதுவும் இவர் பெயரில். கொடி நின்றால் நான் நிற்பேன். கொடி போனால் பிரிட்டோ வீடு. "அவரு ஆசைப்படுறாரு, செஞ்சுட்டுப் போகட்டும்மா, இந்த நேரத்துல எதுக்குத் தடுக்கணும்? அப்புறம் நீ எதுக்கு அங்க தனியா, எங்ககூட வந்துரு" என்று போனில் சொல்கிறான். அவன் வீடு நாலாவது மாடியில். மருமகள் நல்ல பெண்தான், அத்தை அத்தை என்பாள், எந்த டப்பாவைத் திறந்தாலும் பின்னாலேயே வந்து சரியாக மூடுவாள். அங்கே எனக்கு டிவி பக்கத்தில் ஒரு நாற்காலி, சாயங்காலம் பால்கனி, தொட்டியில் ஒரு துளசி, கிறிஸ்தவ வீட்டில் எதற்குத் துளசி என்றால் இருமலுக்கு நல்லதாம். நான் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சாக வேண்டும். நாளைக்குக் காலையில் மேஸ்திரி தவசி எட்டு ஆளோடு வருகிறான். ரம்பம் தீட்டியாயிற்றா என்று காலையில் இவரே போனில் கேட்டார், கல்யாணத்துக்குச் சமையல்காரனை விசாரிக்கிற குரலில்.

சொல்லிவிட்டால் முடிந்தது. புதுக்கொடி உங்களுக்கு எதற்கு என்று கேட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் அது ஒரு மனுசனை நடுரோட்டில் வைத்து வெட்டுகிற மாதிரி. மாதிரி என்ன, அதேதான். செய்யலாமா? எனக்குச் செய்ய ஆசையாக இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. கொடிக்காகச் சொல்லப் போகிறேனா, இல்லை இந்த முகம் விழுவதைப் பார்ப்பதற்காகச் சொல்லப் போகிறேனா, பிரித்துப் பார்க்க முடியவில்லை. எங்கப்பா செத்த அன்றைக்கு இந்த முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்க ஊரிலிருந்து ராயப்பன் மாமா சைக்கிளில் வந்து தோட்டத்து வாசலில் நின்று, "தாயி, அப்பா போயிட்டாரு" என்றார். நான் பந்தலுக்குக் கீழே நிற்கிறேன். கவாத்து வாரம். வெட்டின கொடி முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், ரெண்டு மூணு நாளைக்கு விழுந்துகொண்டே இருக்கும், தலையெல்லாம் நனைந்திருந்தது, அது கண்ணீரா கொடித்தண்ணீரா என்று எனக்கே தெரியவில்லை. இவர் ஏணியில் நின்றபடி சொன்னார், "கவாத்து நடக்கையில யாரும் தோட்டத்த விட்டுப் போறதில்ல, முடிச்சுட்டுப் போ." அது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம்தான். வெட்டு ஆரம்பித்தால் வீட்டுப் பொம்பளை வெளியூர் போகக் கூடாது, கொடி காயும் என்பார்கள். சாவுக்கும் சேர்த்தா அந்த வழக்கம்? யாரிடம் கேட்பது. மூணு நாள் கழித்துப் போனேன். மண் மேடு மட்டும் இருந்தது, மேலே போட்ட பூமாலை கருத்துக்கிடந்தது, எங்கம்மா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, சாகிற வரைக்கும் பேசவில்லை. அந்த வருஷம் குலை நன்றாகப் பிடித்தது. இவர் அதைச் சொல்லிக் காட்டினார், பாத்தியா என்று.

"இந்தக் கல்லெல்லாம் எவன் பதிச்சான், ஒரு சீர் இல்ல" என்கிறார் முன்னால். பாதம் தேய்கிறது, தூக்கி வைக்கப் பலம் இல்லை, கல்லைக் குறை சொல்கிறார். "பைய நடங்க" என்கிறேன். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, இத்தனையும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கையில் வாய் பாட்டுக்குப் பைய நடங்க என்கிறது. வாய்க்கு வேறு எதுவும் பழக்கவில்லை. இந்த ஆற்றங்கரையில், கல் பதிப்பதற்கு முன்னால், கோரையும் நாணலுமாக இருந்தபோது, என்னை இவர் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அதை நினைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன், இந்த இடம் வந்தால் தானாக வந்துவிடுகிறது. பிரிட்டோ வயிற்றில் நாலு மாசம். தண்ணி பாய்ச்சப் போனபோது காலில் என்னமோ சுருக்கென்றது. கட்டுவிரியன். தோளில் போட்டுக்கொண்டு ஆற்றோரமாகவே ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார், வேட்டி அவிழ்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல், மாதாவே மாதாவே என்று அழுதுகொண்டு. அவர் மார்பு என் வயிற்றில் அடித்துக்கொண்டதை இன்றைக்கும் சொல்ல முடியும். ஏன் அப்படி ஓடினார். ஓடாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம். ஒரே மாதிரி இருந்துவிட்டுப் போனால் வெறுப்பதற்கு லேசாக இருக்கும், இடையில் ஒரு நாள் இப்படி ஓடிவிட்டு, மறுபடியும் அந்த ஏணியில் ஏறி நின்றுகொண்டால் நான் எதைக் கணக்கில் வைப்பது. வயிற்றில் பிள்ளை இருந்ததனால் ஓடினார் என்று வைத்துக்கொள்கிறேன். ரொம்ப வருஷமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். எனக்காக இல்லை, அவர் பிள்ளைக்காக. எனக்காகவும் கொஞ்சம் இருக்கலாம் என்று மனசு ஓரமாக ஒன்று முனகும், அதைச் சும்மா இரு என்று அதட்டிவிடுவேன். இன்றைக்கு அது ஜாஸ்தியாக முனகுகிறது. இது சரியில்லை, நாளைக்கு ரம்பம் வருகிறது.

எதிரில் லூர்து வருகிறாள், எங்கள் தோட்டத்தில் குலை வெட்ட வருகிறவள், தலையில் புல்லுக்கட்டு. இவரைக் கண்டதும் கட்டோடு நின்றுவிட்டாள். "அண்ணே, ஒடம்பு தேவலையாண்ணே?" என்கிறாள், கேட்கும்போதே கண் நிறைந்துவிட்டது, மூடத் தெரியாத ஜென்மம். "எனக்கென்னா கேடு, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்" என்கிறார் இவர். "ஆமாண்ணே, நல்லாச் சாப்புடுங்கண்ணே, ஆசப்பட்டதெல்லாம் சாப்புடுங்க, எதையும் மிச்சம் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, பாவம் என்று சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். யாருக்குப் பாவம் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. இவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார், அவள் போன பிறகும் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நடந்தார், அது இவருக்கு வழக்கம் இல்லை. யாராவது நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனால் போனவர்களைப் பற்றி எட்டு வார்த்தை திட்டுவார். எச்சிலை முழுங்கினேன், அந்த வரியையும் சேர்த்து முழுங்கிவிட்டேனோ என்று பயந்து மறுபடியும் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன். இருந்தது. பத்திரமாக இருந்தது.

தடுப்பணைக்குப் பக்கத்தில் சிமெண்டுப் பெஞ்சு. அங்கே உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதுதான் தினமும். உட்கார்ந்தார், உட்காரும்போது முனகல் வெளியே வராமல் இருமலாக மாற்றினார். தண்ணீர் அணை மேலே வழிந்து விழுகிற சத்தம். நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பட்டது. பக்கத்துப் பந்தலில் குலைகள் கருக்கத் தொடங்கியிருந்தன, நம்மதைப் போலத்தான், இன்னும் இருபது நாள் விட்டால் பறிக்கலாம், அந்த இருபது நாளுக்குக்கூடப் பொறுக்க முடியாதாம் இவருக்கு. அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. காய் நிற்கிற கொடியை எவனாவது வெட்டுவானா? வயிற்றுப் பிள்ளைக்காரியை வெட்டுகிற மாதிரி. "ஏங்க" என்றேன். "ம்." "நாளைக்கு ஆள் வர வேணாம்னு சொல்லிருங்க." "ஏன், நீ என்னா தோட்டத்துக்குச் சொந்தக்காரியா?" என்றார். இதைச் சொல்லியிருக்க வேண்டாம். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் இன்றைக்கும் முழுங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். "அந்தப் புதுக்கொடி காய்க்கிறத நீங்க பாக்க மாட்டீங்க" என்றேன். சொல்ல வைத்திருந்தது இது இல்லை. நாக்கு தானாக வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. "ஒங்களுக்கு வந்துருக்கது வீக்கம் இல்ல. கேன்சரு. மதுரையில சொல்லிட்டாங்க. அடுத்த கவாத்துக்கு நீங்க இல்ல." சொல்லிவிட்டு அந்த முகத்தையே பார்த்தேன். பார்ப்பதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தது, கண்ணை எடுப்பேனா.

முகம் விழவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "இதச் சொல்ல ஒனக்கு இம்புட்டு நாளாச்சா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வீடு மந்திரிக்க சாமியாரு வந்தாருல்ல. தண்ணி தெளிச்சாரு, சரி. எண்ணெய எதுக்குடி என் நெத்தியில போட்டாரு, உள்ளங்கையில போட்டாரு? வீட்டுக்கு நெத்தி இருக்கா, உள்ளங்கை இருக்கா? எங்கப்பனுக்கு அவஸ்தை பூசுறப்ப மெழுகுதிரி பிடிச்சவன் நான், எனக்குத் தெரியாதா அந்த வாசம்?" பிரிட்டோ செய்த வேலை. சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய் பூசாமல் அப்பா போய்விடக் கூடாது, பூசினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், அதனால் வீடு மந்திரிப்பது போல வந்து நடுவில் பூசிவிடுங்கள் சாமி என்று கெஞ்சி ஏற்பாடு செய்தான். சாமியாரும் மனசு கேட்காமல் ஒத்துக்கொண்டார், இப்பல்லாம் குடும்பத் தலைவருக்கும் ஒரு ஆசீர்வாதம் உண்டு என்று ஒரு பொய் வேறு சொன்னார். நாங்கள் எல்லோரும் இவர் நம்பிவிட்டார் என்று அன்றைக்குக் கறிச்சோறு சாப்பிட்டோம். "தெரிஞ்சுமா வெட்டச் சொல்றீங்க?" என்றேன். "தெரிஞ்சதுனாலதான் வெட்டச் சொல்றேன். நான் நட்ட கொடி. நான் மண்ணுக்குள்ள போனப்புறம் நீ அதுக்குக் கீழ ராணியாட்டம் நடந்து திரியணுமா? மதுரையில இருந்து வரையில கார்ல ஒன் மூஞ்சியப் பாத்தேன். பய அழுது கண்ணு வீங்கிக் கெடக்கான். ஒனக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. கணக்குப் போட்டுக்கிட்டு வந்த. ஒயினாவது ஒண்ணாவது, நான் எவன்கிட்டயும் பேசல. போறப்ப எல்லாத்தையும் தொடச்சு வச்சுட்டுப் போறேன், அம்புட்டுத்தான்."

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சிரிப்பு வரும் போல இருந்தது. இந்த மனுசன் என்னை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கார்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் இல்லை என்று கண்டு, உள்ளே ஓடின கணக்கு வரைக்கும் படித்திருக்கிறார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என் மனசை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அதோடு இன்னொன்றும் பட்டது. அன்றைக்கு அழுதிருந்தால் கொடி பிழைத்திருக்குமா? ஒரு சொட்டு, சும்மாவாவது, முந்தானையைக் கண்ணில் ஒற்றியிருந்தால்? கொடித்தண்ணீர் விழுந்தாலே அழுகிற மாதிரி தெரியும் எனக்கு, அன்றைக்குப் பார்த்து ஏஸி கார். நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். கையில் இருந்த ஒரே கல்லையும் எறிந்துவிட்டேன், அவர் அதைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டார். நாலாவது மாடி, துளசித் தொட்டி, சரியாக மூடின டப்பா. பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தேன். மலையாளத்துக் குடும்பம் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது, அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள், வயசான ஜோடி ஆற்றோரம் உட்கார்ந்திருக்கிற அழகுக்கு. நானும் சிரித்தேன்.

அவர்கள் தூரமாகப் போன பிறகு வேறு ஒரு குரலில், நான் இதுவரை கேட்டிராத குரலில், "எத்தன மாசம்னு சொன்னான்?" என்றார். திரும்பிப் பார்த்தேன். முழங்காலைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டிருந்தது. அமுக்கிப் பிடிக்கிறார், நிற்கவில்லை. சாவு வரப்போகிறதை எண்ணெய் சொல்லிவிட்டது, எப்போது என்று எண்ணெய்க்குத் தெரியாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை ராத்திரியும் கண்ணை மூடாமல் கிடந்திருக்கிறார் என்று அந்தக் கையைப் பார்த்ததும் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று ஆனது, சந்தோஷத்தில். "ஏய், ஒன்னையத்தான். வருசமா, மாசமா?" நான் அணையைப் பார்த்தேன். "கிறிஸ்மஸ் வரைக்கும் இருப்பேனா? சொல்லுடி." அணையில் ஒரு காய்ந்த மட்டை சிக்கிச் சிக்கி விழப் பார்த்துக்கொண்டிருந்தது. "சொன்னா வெட்ட வேணாம்னு சொல்லிர்றேன்" என்றார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், யாருக்கும் தெரிந்ததைவிட எனக்குத் தெரியும். தோளில் போட்டுக்கொண்டு ஓடின ஆள்தான் இதையும் கேட்கிறார். அந்த முனகல் மறுபடியும் கிளம்பியது, பாவம்டி, சொல்லிவிடேன் என்றது. "முதல்ல தவசிக்குப் போனப் போடுங்க" என்றேன்.

போட்டார். நம்பரை நான்தான் தேடிக் கொடுத்தேன். "தவசி, நாளைக்கு வேணாம்ப்பா. வேணாம்னா வேணாம். எப்பயுமே வேணாம், கொடி நிக்கட்டும்" என்றார். அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்க, "எம் பொண்டாட்டி பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி பார்த்தார். "இப்பச் சொல்லு." ரெண்டு மாசம், ரொம்பப் போனால் மூணு. இருந்தது, வாய்க்குள்ளேயே இருந்தது, ஒரு எழுத்துக் குறையாமல். "டாக்டர் இங்கிலீசுல பிரிட்டோகிட்டத்தான் பேசுனாரு, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். "பொய் சொல்ற." "மாதா சத்தியமா." "பிரிட்டோ சொல்வானா?" "மாட்டான். அவன்தான் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கான். எந்திரிங்க, பனி விழுது." கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழுந்தார், எழுந்த பிறகும் கையை விடவில்லை, ஊரார் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தது இன்றைக்குத்தான். பாதையில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. "ரெண்டு வருசம் இருக்குமா?" என்று முதல் கம்பத்தடியில் கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த கம்பத்தில், "ஒரு வருசமாச்சும்?" என்றார். தெரியாதுங்க என்றேன். கம்பத்துக்குக் கம்பம் குறைத்துக்கொண்டே வந்தார், ஆறு மாசம் என்றார், பிறகு இந்தக் குலை பறிக்கிற வரைக்குமாவது என்றார், நான் ஒவ்வொரு தடவையும் தெரியாது என்றேன், பைய நடங்க என்றேன்.